யாருடைய வினை?

நோயாளியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் ‘எல்லாம் அவன் செஞ்ச வினை’ என்று பெருமூச்சோடு பேச்சை முடித்துக்கொள்ளும் பழக்கம் கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்துத் தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல; தமிழ் பேசுகிற எந்த ஊரிலும் அது உண்டு. ஆனால் தோட்டங்களில் அந்தச் சொல்லுக்குக் கூடுதல் பாரம் இருக்கிறது. கூலி, குடியிருப்பு, பிள்ளைகளின் படிப்பு எதையும் தாங்களே தீர்மானிக்க முடியாமல் தலைமுறைகளைக் கழித்தவர்களுக்கு, நடப்பதற்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் உண்டு என்ற ஆறுதலையாவது வினைக்கோட்பாடு தந்தது. அந்த ஆறுதலை இகழ எனக்கு மனமில்லை. அதுவே நோயுற்றவர்மேல் தீர்ப்பாக விழும்போதுதான் அது மெய்தானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே அந்தக் கேள்வியை ஒரே ஒரு நோய்நிலையை வைத்துக் கேட்கிறேன். மாற்றுச் சிறுநீரகமோ கல்லீரலோ பெற்றுப் பிழைத்த ஒருவரின் குடலில் குடியிருந்த பாக்டீரியாவே, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காமல் படலம் கட்டிக்கொண்டு அவரை வீழ்த்தும் நிலை அது. இந்தத் துன்பத்தை அந்தத் தனிமனிதரின் வினைக்கணக்கில் எழுத முடியாது என்பது என் வாதம். மருத்துவர்கள் அப்படி எழுதமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். சைவ சித்தாந்தமும் வள்ளுவரும்கூட அப்படி எழுத நமக்கு அதிகாரம் தரவில்லை என்பதே நான் சொல்ல வருவது.

உடலுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். என்டரோகாக்கஸ் என்பது மனிதக் குடலில் சாதாரணமாகவே இருக்கும் பாக்டீரியா. மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் என்றால் அதில் வாழும் பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி என்று 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு சொன்னது. அந்தப் பெருங்கூட்டத்தில் என்டரோகாக்கஸ் சிறுபான்மைதான். மற்றவை இடத்தை நிறைத்திருக்கும்வரை அதற்குத் தலையெடுக்க வழியில்லை. குடல் சுவரும் தன் பங்குக்கு ஒரு புரதத்தைச் சுரந்து அதைக் கட்டுக்குள் வைக்கிறது. அந்தச் சுரப்பைத் தூண்டிவிடுவதே குடலில் உள்ள மற்ற பாக்டீரியாக்கள்தான் என்றும், ஆன்டிபயாடிக் கொடுத்து அவற்றை அழித்தால் சுரப்பும் குறைந்துவிடுகிறது என்றும் 2008-இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. உறுப்பு மாற்று நோயாளியோ இரண்டு மருந்துகளுக்கு இடையில் அகப்பட்டவர். பிறர் உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் மருந்து ஒன்று. அப்படி மட்டுப்பட்ட உடலைத் தொற்றிலிருந்து காக்கும் ஆன்டிபயாடிக் மற்றொன்று. இரண்டாவது மருந்து குடலைக் காலி செய்கிறது. காலியான இடத்தில் வான்கோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத என்டரோகாக்கஸ் பெருகுகிறது. நியூயார்க்கில் ரத்த மூலச்செல் மாற்று சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு குழு, இந்தப் பாக்டீரியா முதலில் குடல் முழுவதையும் ஆக்கிரமிக்கிறது, அதன் பிறகே ரத்தத்தில் நுழைகிறது என்று 2010-இல் எழுதியது. சிறுநீரகம், கல்லீரல் மாற்றியவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. சிறுநீர்க் குழாயிலும் பித்த நாளத்திலும் வைக்கப்படும் ஸ்டென்ட், கதீட்டர் போன்ற அந்நியப் பொருள்களின்மேல் அது ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிக்கொண்ட பிறகு நடப்பதுதான் வியப்பு. தனித்தனியாக அலைந்த செல்கள் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் கூட்டாக அடங்குகின்றன. இதை உயிரிப்படலம் என்கிறார்கள். பல்லில் படியும் ஊத்தையும் இந்த வகைதான். 1683-இல் டச்சுக்காரர் லேவன்ஹூக் பல் அழுக்கைத் தன் உருப்பெருக்கியில் பார்த்து அதில் உயிர்கள் நெளிவதை எழுதிவைத்தார். என்டரோகாக்கஸ் கூட்டத்தில் சில செல்கள் உடைந்து மடிகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் டிஎன்ஏ இழைகள் மற்றவற்றைத் தாங்கும் சாரமாகின்றன. படலத்தின் அடியில் இருக்கும் செல்கள் இரை குறைந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. வளரும் செல்லைத் தாக்கும்படி அமைந்த மருந்து, வளராமல் கிடக்கும் செல்லை ஒன்றும் செய்வதில்லை. தனியாகத் திரியும்போது கொல்லும் அளவைப்போல ஆயிரம் மடங்கு மருந்தையும் படலத்துக்குள் இருப்பவை தாங்கக்கூடும். மருந்தெதிர்ப்பு மரபணுக்களும் அந்த நெருக்கத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகக் கைமாறுகின்றன. எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பகிர்ந்து, சேர்ந்தே உண்டு, சேர்ந்தே மூச்சுவிடும் நிகோதம் என்னும் நிலையைச் சமண நூல்கள் பேசுகின்றன. அதைப் படித்தபோது தத்துவவாதிகளின் மிகையான கற்பனை என்றே பலரும் நினைத்திருப்பார்கள். சமணர்கள் பாக்டீரியாவை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அத்தகைய பெருமைப் பேச்சு நமக்கு வேண்டாம். உயிர் என்றால் தனி உடல் என்ற எண்ணத்தை விட்டு யோசிக்க இந்த மரபில் முன்பே ஒரு வழி இருந்தது என்பது மட்டும் போதும்.

இனி வினைக்கணக்குக்கு வருவோம். இந்த நோயாளியின் உடலில் உள்ள பாக்டீரியாவுக்கு மருந்தெதிர்ப்பு எங்கிருந்து வந்தது? வான்கோமைசினின் கதையே நம் பக்கத்துத் தீவில் தொடங்குகிறது. 1950-களின் தொடக்கத்தில் போர்னியோக் காட்டிலிருந்து ஒரு மதப்பணியாளர் அனுப்பிய மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து எலி லில்லி நிறுவனம் அதைப் பிரித்தெடுத்தது. 1958-இல் மருந்தாக அனுமதி பெற்றது. முப்பது ஆண்டுகள் கழிந்து, 1980-களின் இறுதியில், பிரிட்டனிலும் பிரான்சிலும் அதற்கு அடங்காத என்டரோகாக்கஸ் தென்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அவோபார்சின் என்ற மருந்தை ஐரோப்பியப் பண்ணைகளில் கோழிக்கும் பன்றிக்கும் சீக்கிரம் எடை கூடத் தீவனத்தில் கலந்து வந்தார்கள்; ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் அதைத் தடை செய்தது. நம் மாநிலத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. சிலாங்கூர் பண்ணைகளின் கறிக்கோழிகளில் இருந்த வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் பற்றி மலேசிய ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினார்கள். கடைசிக் கையிருப்பாகக் கருதப்படும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை மலேசியா 2019 ஜனவரி முதல் தேதியில்தான் நிறுத்தியது. கிளினிக் பக்கமும் பார்க்கலாம். 2014-இல் திரட்டிய தகவல்களின்படி, அரசு கிளினிக்குகளுக்கு வந்தவர்களில் 6.8 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டது. தனியார் கிளினிக்குகளில் 30.8 விழுக்காட்டினருக்கு. சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் ‘நல்ல மருந்தா குடுங்க’ என்று கேட்டு வாங்கியவர்கள் இதில் எத்தனையோ பேர். ஆக, சிகிச்சைக்காகக் கோலாலம்பூருக்குச் சென்ற பெஸ்தாரி ஜெயாத் தோட்டத்து நோயாளி ஒருவரின் ஸ்டென்டில் படர்ந்திருக்கும் மருந்தெதிர்ப்பைச் செய்தவர்கள் என்று பட்டியலிட்டால், அதில் பண்ணைக்காரர், தீவன வணிகர், மருத்துவர், மருந்தைப் பாதியில் நிறுத்திய எங்கோ ஒருவர், கை கழுவ மறந்த ஊழியர் என எல்லோரும் இருப்பார்கள். நோயாளி அநேகமாக இருக்கமாட்டார்.

சித்தாந்தம் கற்றவர் இதற்கு உடனே விடை வைத்திருப்பார். பண்ணைக்காரரும் மருத்துவரும் துணைக்காரணங்கள்தாம். அந்தத் துன்பம் இந்த உயிரையே வந்து சேர்ந்ததற்குக் காரணம் இந்த உயிரின் பழவினை. அம்பு எய்தவன் வேறு, அதை இவன்மேல் பாய்ச்சிய நியதி வேறு என்பார். இது சோம்பேறித்தனமான மறுப்பு அல்ல. முழுக் கவனத்தோடு எதிர்கொள்ள வேண்டியது. ஆனால் மெய்கண்டாரின் சிவஞானபோதம் இரண்டாம் சூத்திரத்தில் கட்டும் வாதத்தை நினைவுகூர்ந்தால் இந்த மறுப்பு தன்னையே கட்டிப்போடுகிறது. வினை அறிவற்றது, சடம். செய்தவனை அது தானாகத் தேடிச் சென்று சேர முடியாது. எந்த வினைக்கு எந்தப் பயன், எப்போது, எந்த வழியில் என்று அறிந்து கூட்டுவிக்க அறிவுடைய ஒருவன் வேண்டும், அவன் இறைவன். இறைவன் உண்டு என்பதற்கே சித்தாந்தம் காட்டும் சான்றுகளில் இது ஒன்று. அப்படியானால் அந்தக் கணக்கை அறிந்தவன் ஒருவன்தான். ஆணவ மலத்தில் கட்டுண்ட, சிற்றறிவுடைய நாம் ஒரு நோயைப் பார்த்து அதற்குரிய வினையைப் படித்துச் சொல்ல முயல்வது, அந்தக் கோட்பாட்டின் அடிப்படையையே மறுப்பதாகும். பொதுவாக, துன்பத்துக்கு வினை காரணம் என்று நம்புவது வேறு; இந்த மனிதரின் இந்தத் துன்பம் அவர் செய்ததற்குக் கூலி என்று தீர்ப்பளிப்பது வேறு. முன்னது சமய நம்பிக்கை. பின்னதற்குச் சித்தாந்தத்தில் இடமில்லை.

இன்னும் ஒன்று. உயிர் வினைப்பயனைத் துய்ப்பதற்காக இறைவன் தருபவை தநு, கரணம், புவனம், போகம் என்று நான்கு. உடலும் அகக்கருவிகளும் அந்தந்த உயிருக்கு உரியவை. புவனமோ பொது. ஒவ்வொருவரும் தத்தம் வினையைத் துய்ப்பது எல்லோரும் கூடிச் செய்து கெடுத்துத் திருத்திவைத்த இந்த உலகத்துக்குள்தான். சித்தாந்த உரைகள் போகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. புவனத்தைத் தத்துவங்களின் கணக்கோடு முடித்துவிடுகின்றன என்பது என் குறை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா புவனத்தின் பகுதி. நம் ஒவ்வொருவரின் ஆகாமியமும், அதாவது இப்போது செய்துகொண்டிருக்கும் வினையும், அதில்தான் படிகிறது.

அகத்தியர் பெயரில் வழங்கும் கன்ம காண்டம் நோய்களை முற்செயல்களோடு இணைத்துப் பேசுகிறதே என்று சித்த மருத்துவ அன்பர்கள் கேட்கலாம். பேசத்தான் செய்கிறது. ஆனால் மரபு ஒரே குரலில் பேசவில்லை. ஊழுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஓரிடத்திலும் ஊழைக் கொண்டுவரவில்லை. உணவின் அளவு, செரிமானம், வாதம் முதலிய மூன்றின் மிகுதி குறைவு, நோயின் காரணத்தைத் தேடுதல் என்றே போகிறார். கடைசியில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்று நான்கு கூறுகளின் பொறுப்பாகச் சிகிச்சையைப் பிரித்துக் கொடுக்கிறார். நோயைத் தனிமனிதன் தலையில் கட்டாமல் நான்கு இடங்களில் பகிர்ந்துவைத்த அந்த ஏற்பாட்டை ஊழ் அதிகாரம் எழுதிய அதே கை எழுதியது என்பது கவனிக்கத்தக்கது. பௌத்தம் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது. சங்யுத்த நிகாயத்தில் மோலியசீவகர் என்ற பரிவிராசகர், மனிதன் உணரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையால்தானா என்று புத்தரிடம் கேட்கிறார். பித்தம், கபம், வாதம், இவற்றின் கூட்டு, பருவ மாற்றம், முறையற்ற பேணல், வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழைச் சொல்லி, எட்டாவதாகவே வினையின் விளைவை வைக்கிறார் புத்தர். எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் உண்மை என்று ஏற்றதையும் கடந்து போகிறார்கள் என்பது அவர் முடிவு.

தனிமனித வினை என்ற விளக்கம் எவ்வளவு எளிதாக உண்மைக் காரணத்தை மறைத்துவிடும் என்பதற்கு இந்த வட்டாரத்தின் வரலாறே சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரின் ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மலேரியாவால் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். சில தோட்டங்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் நூறு பேருக்கு மேல். கூலிகள் பலவீனமானவர்கள் என்று துரைமார் சொல்வது எளிதாக இருந்தது. தலையெழுத்து என்று லயத்தில் சொல்வதும் எளிதாகவே இருந்தது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் காடுகளையும் சதுப்புகளையும் நடந்து பார்த்து வேறொன்றைக் கண்டார். கடலோரச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய கொசு நிழல் விழுந்த சதுப்பில் வளர்வது. லயங்களைச் சுற்றிக் காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழிந்தது. மலைச்சரிவுத் தோட்டங்களிலோ வேறு கொசு; அது வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளர்வது. அங்கே காட்டை வெட்டியதே மலேரியாவைக் கூட்டியது. 1911-இல் வெளிவந்த அவருடைய நூலில் இவை விரிவாக உள்ளன. ஒரே கூலிச் சீட்டில் கையொப்பமிட்டுக் கப்பலேறிய இரண்டு சகோதரர்களில் ஒருவர் கோலசிலாங்கூர்ச் சமவெளிக்கும் மற்றவர் உலு சிலாங்கூர் மலைப்பக்கத்துக்கும் அனுப்பப்பட்டிருந்தால், யார் பிழைப்பார் என்பதை முடிவு செய்தது யாரோ காட்டை எப்படி வெட்டினார்கள் என்பதுதான். வினை என்ற விடையோடு வாட்சனும் நின்றிருந்தால் கால்வாய் வெட்டப்பட்டிருக்காது.

மாற்று உறுப்பு என்பதே இந்த விவாதத்தில் ஒரு பெரிய சான்று என்று நினைக்கிறேன். மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. இன்று நாட்டில் டயாலிசிஸில் இருப்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் மாற்றுச் சிறுநீரகம் கிடைப்பவர் மிகச் சிலர். அப்படி ஒன்று கிடைத்தால் ஊரார் என்ன சொல்கிறார்கள்? கொடுத்த அக்காவையோ, மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்பைத் தரச் சம்மதித்த தாயையோதான் புகழ்கிறார்கள். பெற்றவரின் நல்வினையே அவருக்குச் சிறுநீரகத்தைத் தந்தது, கொடுத்தவர் வெறும் கருவி என்று யாரும் கொடுத்தவர் முகத்துக்கு எதிரே சொல்வதில்லை. சொன்னால் அது நன்றி மறந்த பேச்சாகிவிடும். நன்மை வரும்போது அதைச் செய்த பிற மனிதரைப் பார்க்கிறோம். தீமை வரும்போது மட்டும் பட்டவரின் பழங்கணக்கைப் புரட்டுகிறோம். இரண்டையும் ஒரே தராசில்தான் வைக்க வேண்டும். பிறர் செய்த நன்மை ஒருவர் உடலில் வாழ முடியும் என்றால், பிறர் செய்த தவறும் அதே உடலில் படலம் கட்ட முடியும். அவரைக் காக்கும் மருந்துகளும் பிற உயிர்கள் தந்தவைதாம்: உடல் மாற்று உறுப்பை ஏற்கச் செய்யும் சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் எடுத்த பூஞ்சையிலிருந்து வந்தது, டாக்ரோலிமஸ் ஜப்பானின் ட்சுகுபா மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து.

சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விட்டு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர் அவர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மலேசிய இனங்களில் இந்தியர்களிடையேதான் சர்க்கரை நோய் மிகுதி என்பது உண்மை. அதில் உணவுக்கும் அலட்சியத்துக்கும் பங்கு உண்டு, வறுமைக்கும் உண்டு. ஆனால் ஒருவர் தன் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொண்டாலும், வான்கோமைசின் வேலை செய்யாமல் போனதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? அவ்விரண்டையும் ஒன்றாக்குவது கணக்குத் தெரியாதவன் செயல். எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு இன்னும் கூர்மையானது. கனடாவின் உறைபனி மண்ணில் 30,000 ஆண்டுப் பழமையான டிஎன்ஏவில் வான்கோமைசின் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011-இல் கண்டார்கள். மனிதன் மருந்து செய்யும் முன்பே எதிர்ப்பு இருந்தது என்றால் யாரைக் குற்றம் சொல்வது? மரபணு இயற்கையுடையதுதான். அது மண்ணிலிருந்து கோழிக்கும், கோழியிலிருந்து தட்டுக்கும், ஒரு கையிலிருந்து அடுத்த நோயாளியின் கட்டிலுக்கும் போக வழி போட்டது நாம். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா என்பது மற்றொரு அச்சம். ஆகாது; பங்குகள் சமமல்ல. தீவனத்தில் டன் கணக்கில் கலந்தவரின் பங்கும், காய்ச்சலுக்குப் பயந்து மாத்திரை கேட்ட தாயின் பங்கும் ஒன்றாகாது. உலகில் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2019-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தனித்தனிப் பழவினை தேடுவதைவிட, இந்தப் பங்குகளைப் பிரித்துப் பார்ப்பது கடினமான வேலை; ஆனால் செய்யக்கூடிய வேலை.

கோயிலுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. அது தொடங்கும் இடம் மருத்துவமனையின் தனியறை. வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் இருப்பது தெரிந்தால் நோயாளியைத் தனியே வைக்கிறார்கள். தாதியர் மேலங்கியும் கையுறையும் அணிந்தே அவரைத் தொடுகிறார்கள். அந்தப் பாக்டீரியா கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கக்கூடியது என்பதே காரணம். தோட்டத்திலிருந்து பார்க்க வரும் உறவினர் கண்ணுக்கு அது தீண்டாமையாகத் தெரிந்தால் வியப்பில்லை. தீட்டு என்ற பெயரில் சாதி செய்த கொடுமையை நம் மக்கள் கப்பலில் கூடவே கொண்டுவந்தவர்கள். ஆனால் அதே மக்களிடம் வேறொரு வழக்கமும் இருந்தது. பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீடு ஒதுங்கியிருக்கும். அந்தப் பிள்ளை பாவம் செய்தது என்று மாரியம்மன் கோயில் உள்ள எந்தத் தோட்டத்திலும் யாரும் சொன்னதில்லை. அம்மாள் வந்திருக்கிறாள் என்றார்கள். குற்றம் சுமத்தாமல் ஒதுக்கி வைக்க நமக்குத் தெரிந்திருந்தது. வேறுபாடு ஒன்று உண்டு: அம்மைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரும், குடலில் தங்கிவிட்ட இந்தப் பாக்டீரியா மாதக்கணக்கில் இருந்தாலும் இருக்கும், போய்விட்டது என்று நினைத்தபின் அடுத்த ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு திரும்பத் தலைகாட்டவும் செய்யும். அதனால் வீடு திரும்பியவர் பிறகு தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போனாலும், டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனாலும், என் உடலில் இந்தக் கிருமி இருந்தது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது. தன் வினையின் அடையாளம் என்று ஊரார் அதைக் கருதுவார்கள் என அஞ்சுகிறவர் சொல்லமாட்டார், மறைப்பார். அந்த அச்சத்தைப் போக்குவதே கோயிலின் கடமை.